செயற்கை நுண்ணறிவும் உழவர் குழுத் தலைவர்களும்

(உழவர் உற்பத்தியாளர் நிறுவன இயக்குநர்களுக்கான பயிற்சியில் நிகழ்த்திய உரை)



செயற்கை நுண்ணறிவு இன்று உங்கள் வரப்பு வரை வந்துவிட்டது. பி.எம். கிசான் உதவித்தொகை பற்றிய ஐயங்களுக்கு விடை கூற 2023-ல் 'கிசான் இ-மித்ரா' வந்தது. பூச்சியைப் படம் எடுத்து அனுப்பினால் அடையாளம் காட்டும் தேசியப் பூச்சிக் கண்காணிப்பு முறை 2024 ஆகஸ்டில் தொடங்கிற்று. 2025 காரிப் பருவத்தில் 13 மாநிலங்களில் சுமார் 3.88 கோடி விவசாயிகளுக்குப் பருவமழை தொடங்கும் காலம் செயற்கை நுண்ணறிவால் கணிக்கப்பட்டுக் குறுஞ்செய்தியாக அனுப்பப்பட்டது. இவை பயனுள்ளவை, வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் பல நூறு குடும்பங்கள் நம்பியிருக்கும் நீங்கள், கைப்பேசி சொன்னதை அப்படியே உறுப்பினர்களுக்கு அனுப்பிவிட்டால் கடமை தீர்ந்துவிடுமா?

புகையானை எடுத்துக்கொள்ளுங்கள். அது தூரின் அடியில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கூட்டமாக அமர்ந்து சாற்றை உறிஞ்சும். மேலே தெரிவது வட்ட வட்டமான மஞ்சள் திட்டு மட்டுமே. வரப்பில் நின்று எடுத்த படத்தில் பூச்சி இல்லை. இயந்திரம் தனக்குக் காட்டிய படத்தைத்தான் பார்க்கும். முன்பு கற்ற படங்களோடு ஒப்பிட்டு, எது பொருந்தக்கூடும் என்று சொல்லும். தழைச்சத்துப் பற்றாக்குறை என்று விடை வந்தால் என்ன ஆகும்? உறுப்பினர் யூரியா போடுவார். தழைச்சத்து மிகுந்தால் புகையான் மேலும் பெருகும். சில நாட்களில் பயிர் தீய்ந்தாற்போல் ஆகிவிடும். அந்த நஷ்டத்தைக் கைப்பேசி ஏற்காது. கடன் வாங்கிப் பயிரிட்டவர் உங்கள் வாசலுக்குத்தான் வருவார்.

ஆகவே, பயிரை விலக்கி அடித்தூரைப் பார்க்காமல் எந்தப் பரிந்துரையையும் குழுவின் பெயரில் அனுப்பாதீர்கள். தூருக்கு ஒரு பூச்சிக்கு மேல் இருந்தால் நடவடிக்கை தேவை. குத்துக்கு ஒரு சிலந்தி இருக்குமானால் தூருக்கு இரண்டு பூச்சி வரை பொறுக்கலாம். முதலில் நீரை வடியுங்கள். டெல்டாமெத்ரின் போன்ற செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகளை அடித்தால் சிலந்தி முதலிய நன்மை செய்யும் உயிரினங்கள் மடிந்து, புகையான் முன்னைவிட அதிகமாகும். அடுத்த போகத்தில் நடும்போதே எட்டு அடிக்கு ஒரு அடி பட்டம் விடுங்கள்.

வயலில் குனிந்து பார்க்காமல் மருந்துக்கடைக்குப் போகும் வழக்கம் கைப்பேசிக்கு முன்பும் நம்மிடம் இருந்ததுதான். பழி முழுவதையும் இயந்திரத்தின் மேல் போட வேண்டாம்.

இன்னொன்று. களை எடுக்கும் பெண்கள்தான் அடித்தூரை முதலில் காண்பவர்கள். குழுக் கூட்டத்தில் அவர்களை யாரும் கேட்பதில்லை. பூச்சியை எண்ணும் பொறுப்பில் அவர்களில் இருவரையாவது அமர்த்துங்கள். அதற்குரிய கூலியையும் கொடுங்கள்.

பட்டியல் விஷயத்திலும் எச்சரிக்கை தேவை. கணினி பட்டாவைக் கொண்டு உறுப்பினர்களை வரிசைப்படுத்தும். குத்தகைக்கு உழுபவர் அதில் இல்லை. கணவர் பெயரில் பட்டா இருக்கத் தாமே பயிர் செய்யும் பெண்ணும் இல்லை. விதையும் உரமும் பங்கிடும் பட்டியல் கணினியில் தயாரானால், ஒட்டுவதற்கு முன் ஊரில் வாசித்துக் காட்டுங்கள். விடுபட்டவரைச் சேர்க்கும் அதிகாரம் இயக்குநர் குழுவிடமே இருக்க வேண்டும். 'கணினி அப்படித்தான் சொல்கிறது' என்று ஓர் உறுப்பினரைத் திருப்பி அனுப்புவதைவிட, பதில் சொல்லத் தெரியாமல் நிற்பது மேல்.

செலவு அதிகம் இல்லாத ஒரு வேலை சொல்கிறேன். ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். தேதி, யாருடைய வயல், கருவி சொன்னது என்ன, வயலில் கண்டது என்ன, முடிவு எடுத்தவர் யார் என்று எழுதி வாருங்கள். முடிவு எடுத்தவர் கையொப்பமிட வேண்டும். இரண்டு போகம் எழுதினால், உங்கள் ஊரில் எந்த நோய்க்குக் கருவியை நம்பலாம், எதற்கு ஆராய்ச்சி நிலையத்துக்குச் செடியைக் கொண்டுவர வேண்டும் என்பது தெரிந்துவிடும். வரும்போது இலையை மட்டும் கிள்ளி வராமல், வேரோடு பிடுங்கி ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவாருங்கள்.