யார் செய்தது என்று கேட்டால்
(தவக்கால வானொலி மறையுரை)



தவக்காலத்தில் சினிமாவைப் பற்றியா பேசுவது என்று சிலர் முகம் சுளிக்கலாம். சற்றுப் பொறுத்துக் கேளுங்கள். பாவசங்கீர்த்தனத்துக்கு நம்மைத் தயாரிக்க இரண்டு பழைய படங்கள் உதவும் என்று நினைக்கிறோம். ஒன்று தமிழ், மற்றது ஜப்பானியம்.

1954 ஏப்ரலில் 'அந்த நாள்' வெளிவந்தது. ஏ.வி.எம். தயாரிப்பு, இயக்கியவர் எஸ். பாலசந்தர். வீணை பாலசந்தர் என்றால் நம்மில் மூத்தவர்களுக்குச் சட்டென்று தெரியும். அத்தனை பெரிய இசைக்கலைஞர் தம் படத்தில் ஒரு பாட்டுக்கூட வைக்கவில்லை! நடனம் இல்லை, சண்டையும் இல்லை. பாட்டுக்காகவே ஜனங்கள் கொட்டகைக்குப் போன காலம் அது. படம் முதலில் சரியாக ஓடவில்லை என்பதில் வியப்பில்லை. அகிரா குரோசவா 1950இல் எடுத்த 'ராஷோமோன்' படத்தை ஒரு திரைப்பட விழாவில் பார்த்த பாலசந்தர், அதே பாணியில் ஒரு நாடகம் எழுதி முதலில் அகில இந்திய வானொலிக்குத்தான் அனுப்பினார். ஏற்கவில்லை. அன்று வானொலி வேண்டாம் என்றதை இன்று வானொலியிலேயே பேசுகிறோம்!

கதை 1943 அக்டோபரில், சென்னைமீது ஜப்பானிய விமானம் குண்டு வீசிய நேரத்தில் நடக்கிறது. ராஜன் என்ற வானொலிப் பொறியாளர் சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடக்கிறார். சிவாஜி கணேசன் அந்த வேடத்தில் நடித்தார். துப்பறியும் அதிகாரி ஒவ்வொருவராக விசாரிக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி என்று ஒவ்வொருவரும் இன்னொருவரைக் கைகாட்டுகிறார்கள். 'நான் இல்லை, அவர்தான்.' கடைசியில் யார் என்று தெரிந்துவிடுகிறது. படம் பார்க்காதவர்களுக்காக அதைச் சொல்லாமல் விடுகிறோம்.

இனி, அதற்கு விதையான ஜப்பானியப் படத்துக்கு வருவோம். இடிந்து கிடக்கும் ஒரு பழைய கோட்டை வாயில். அடைமழை. ஒரு விறகுவெட்டி, ஒரு புத்தத் துறவி, ஒரு வழிப்போக்கன் என்று மூன்று பேர் அங்கே ஒதுங்குகிறார்கள். நம் காட்பாடி சந்திப்பில் மழைக்கு ஒதுங்கி, முன்பின் தெரியாதவரிடம் குடும்பக் கதை எல்லாம் சொல்வோமே, அப்படிப் பேச்சு தொடங்குகிறது. காட்டில் ஒரு வீரன் இறந்து கிடந்தான். விசாரணையில் கொள்ளைக்காரன் ஒரு கதை சொல்கிறான், வீரனின் மனைவி ஒரு கதை, செத்தவனின் ஆவி ஒரு கதை.

நம்மைத் திகைக்க வைப்பது இதுதான். அங்கே ஒருவரும் மற்றவரைக் கொலைகாரர் என்று கைகாட்டவில்லை. 'நான்தான் கொன்றேன், இருபத்துமூன்று முறை வாள் மோதிய பிறகே அவன் விழுந்தான்' என்கிறான் கொள்ளைக்காரன். மனைவியோ, தன் கையிலிருந்த குறுவாள்தான் கணவன் மார்பில் பாய்ந்திருந்தது என்கிறாள். ஆவி, மானத்துக்காகத் தன்னையே குத்திக்கொண்டதாகச் சொல்கிறது. மூவரும் குற்றத்தை ஏற்கிறார்கள். மூவரும் பொய் சொல்கிறார்கள். ஒளிந்திருந்து பார்த்த விறகுவெட்டி சொல்லும்போதுதான், அந்த வீரச் சண்டை கைகால் நடுங்கிய இரண்டு கோழைகளின் கட்டிப்புரளல் என்று தெரிகிறது.

போரில் தோற்று ஐந்தே ஆண்டுகள் ஆன நாடு. டோக்கியோ போர்க்குற்ற விசாரணை 1948இல்தான் முடிந்திருந்தது. 1945 ஆகஸ்டு 9 அன்று நாகசாகியில் குண்டு விழுந்தபோது, உராகாமி பேராலயத்தில் அன்னையின் விண்ணேற்பு விழாவுக்கு ஆயத்தமாகக் குருக்கள் பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். குருக்களும் மக்களும் அங்கேயே மாண்டார்கள். யார் செய்தது என்ற கேள்வி அந்த மக்களுக்கு வெறும் கதையாக இருந்திருக்க முடியாது.

'அந்த நாள்' பாவம் நமக்கு நன்றாகத் தெரியும். ஆதாம் ஏவாளைக் காட்டினார், ஏவாள் பாம்பைக் காட்டினார். மாமியார் மருமகளை, மருமகள் மாமியாரை. நாற்பது நிமிடம் பேசிவிட்டுப் போவார்கள். பக்கத்து வீட்டார் பாவம் முழுதும் நமக்குத் தெரிந்துவிடும், வந்தவர் பாவம் தெரியாது. 'ராஷோமோன்' பாவம் இதைவிட நுட்பமானது. 'கோபம் வந்துவிட்டது சாமி, நியாயத்துக்காகத்தான்' என்போம். 'அதிகமாக நம்பிவிட்டேன், அதுதான் என் தப்பு' என்போம். மண்டியிட்டிருக்கும்போதே நம்மை நாமே மெச்சிக்கொள்கிறோம். லூக்கா நற்செய்தியில் பரிசேயர் ஆலயத்தில் நின்று செபித்தது இப்படித்தான்.

படத்தின் முடிவைச் சொல்ல வேண்டும், அது குருவானவர்களுக்கான பாடம். வாயிலில் ஒரு குழந்தையின் அழுகுரல். யாரோ விட்டுப் போயிருக்கிறார்கள். வழிப்போக்கன் அதன் துணியைத் திருடிக்கொண்டு, விறகுவெட்டியும் குறுவாளைத் திருடியவன்தான் என்று ஏசிவிட்டுப் போகிறான். விறகுவெட்டி தலைகுனிந்து நிற்கிறான். பிறகு குழந்தைக்குக் கை நீட்டுகிறான். துறவி வெடுக்கென்று பின்னுக்கு இழுக்கிறார், மிச்சமிருப்பதையும் பிடுங்கவா என்று. அவனுக்கு வீட்டில் ஏற்கெனவே ஆறு பிள்ளைகள். ஏழாவதாக வளர்க்கத்தான் கேட்டான். துறவி வெட்கப்பட்டுப் போகிறார்.

அந்தத் துறவியாக நாமும் நின்றிருக்கிறோம். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கேட்டதல்ல, வீட்டு முற்றத்தில் ஊரறிய நடந்தது. சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தோடு சொல்கிறோம். நம் பங்கில் அண்ணன் தம்பி இருவர். படுக்கையில் விழுந்த தாய். ஆளுக்கொரு கதை சொன்னார்கள்; நாம் அண்ணன் கதையை நம்பினோம். ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலையில் வேலை செய்யும் தம்பி, வாடகை வீட்டுக்காரர், 'அம்மாவை நான் கூட்டிக்கொண்டு போகிறேன்' என்றார். 'அம்மா பேரில் இருக்கும் வீட்டுக்காகவா?' என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டோம். அவர் பதில் பேசவில்லை. ஆட்டோ பிடித்துத் தாயை ஏற்றிக்கொண்டு போனார். பதினான்கு மாதம் குளிப்பாட்டி, சோறு ஊட்டிப் பார்த்துக்கொண்டார்.

அடக்கம் முடிந்த அன்று கல்லறைத் தோட்ட வாசலில் அவரை நிறுத்தி மன்னிப்புக் கேட்டோம். மண் ஒட்டிய கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இல்ல சாமி, நீங்க கேட்டதுல பாதி நெசம். அந்த வீட்டு மேல எனக்கும் ஆசை இருந்துச்சி."

வரும் சனிக்கிழமை மாலை ஐந்து மணி முதல் நம் ஆலயத்தில் பாவசங்கீர்த்தனம் கேட்க அமர்ந்திருப்போம். அன்று காலை பக்கத்துப் பங்குக் குருவிடம் நாம் முதலில் மண்டியிட்டுவிட்டு வருவோம்.