ஆயாவின் காமிரா

அமெரிக்காவில் சிக்காகோ பட்டணத்திலே விவியன் மேயர் என்றோர் அம்மையார் இருந்தார். 1926-ல் பிறந்தவர். சுமார் 40 வருஷ காலம் பிறத்தியார் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா வேலைதான் அவருக்கு ஜீவனம். அந்தப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டே தெருத்தெருவாய் நடந்து 1 லட்சத்துக்கு மேற்பட்ட படங்கள் பிடித்தார் என்றால் நம்புவீர்களா?

அவருடையது ரோலிஃப்ளெக்ஸ் காமிரா. மார்புக்குக் கீழே பிடித்துக் குனிந்து பார்த்து எடுப்பது. ஆதலால் எதிரிலிருப்பவரை முறைக்க வேண்டியதில்லை. தெருவில் படுத்துறங்கும் ஏழையும், அழுகிற குழந்தையும், ரோமச் சட்டை போட்ட சீமாட்டியும் ஒரே சதுரத்துக்குள்தான். ஏராளமான சுருள்கள் கழுவப்படாமலே கிடந்தன. கழுவக் காசு வேண்டாமா?

2007-ல் வாடகை பாக்கிக்காக அவர் பெட்டிகளை ஏலம் போட்டுவிட்டார்கள். 2009-ல் அம்மையார் இறந்தார். அதற்குப் பிறகே புகழ் வந்தது. வந்த புகழிலும், "ஓர் ஆயா இப்படிச் செய்தாளா!" என்றுதான் அதிசயிக்கிறார்கள். நாம் கேட்கிறோம்: இதே படங்களை ஒரு வக்கீல் எடுத்திருந்தால், "வக்கீலுக்குக்கூடக் கண் தெரிகிறதே!" என்று எவராவது வாயைப் பிளந்திருப்பார்களா?