பழைய லோடு வண்டிக்கு முதல் செலவு எது?

(வானொலி பண்ணை ஒலிபரப்பில் சிங்கப்பெருமாள் கோயில் வட்டார வேளாண் விரிவாக்க அலுவலர் ஒருவர் பேசியது)



நெல்லுக்கு உரம் வைப்பது பற்றியும் வேர்க்கடலைக்கு ஜிப்சம் இடுவது பற்றியும் நாம் பல முறை பேசியிருக்கிறோம். இன்றைக்கு விளைந்ததை ஏற்றிக்கொண்டு போகிற வண்டியைப் பற்றிப் பேசலாம் என்று இருக்கிறேன். சிங்கப்பெருமாள் கோயில் முதல் திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம் வரை எந்தக் கிராமத்துக்குப் போனாலும், வேப்பமரத்தடியில் ஒரு ‘குட்டி யானை’ நிற்கிறது. 2005-ம் ஆண்டு மே மாதம் டாட்டா ஏஸ் வண்டி வந்ததிலிருந்து வழக்கத்துக்கு வந்த பெயர் இது. முக்கால் டன் பாரத்துக்கென்று செய்த, இரண்டு சிலிண்டர் டீசல் வண்டி. அதைவிடப் பெரிய பிக்கப் வண்டிகளும் நம்மிடம் இருக்கின்றன. அவற்றில் பல, பத்துப் பன்னிரண்டு வயதைத் தாண்டியவை. இரண்டாம் கை, மூன்றாம் கை மாறி வந்தவை.

அறுவடை முடிந்து கையில் கொஞ்சம் பணம் வந்ததும், ‘வண்டிக்கு ஏதாவது செய்யலாம்’ என்று தோன்றும். நல்ல எண்ணம்தான். ஆனால் பெரும்பாலும் அந்தப் பணம் எங்கே போகிறது? பின்பக்கம் ஸ்பிரிங் பட்டை கூடுதலாக ஒன்று, தொட்டிக்கு மேல் உயரமான கம்பித் தடுப்பு, ஏர் ஹாரன், கலர் லைட்டு. “பட்டை ஒண்ணு சேத்துப் போட்டா இன்னும் பத்து மூட்டை தாங்கும் சார்” என்று சொல்லுகிறார்கள். இந்தப் பேச்சைத்தான் இன்று கொஞ்சம் அலசிப் பார்க்க வேண்டும்.

பட்டை தாங்கும், பிரேக் தாங்குமா?

பட்டையைச் சேர்த்தால் வண்டியின் பின்புறம் தாழாது. அது உண்மை. ஆனால் டயர் பழைய டயர்தான். அச்சும் பேரிங்கும் பழையவைதான். எல்லாவற்றுக்கும் மேலாக, பிரேக் அதே பழைய பிரேக். தாழ்ந்து நின்ற வண்டி ‘எனக்கு முடியவில்லை’ என்று நமக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. பட்டை போட்டு அதன் வாயை அடைத்துவிட்டோம், அவ்வளவுதான்.

இன்னொரு விஷயமும் உண்டு. சில பிக்கப் வண்டிகளில், பின் அச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு வால்வு இருக்கும். பாரத்தில் வண்டி எவ்வளவு தாழ்கிறது என்பதை வைத்து, பின் சக்கரத்துக்கு எவ்வளவு பிரேக் கொடுப்பது என்று அது தீர்மானிக்கிறது. பட்டை சேர்த்து வண்டியைத் தூக்கிவிட்டால், முழுப் பாரம் இருக்கும்போதும் அந்த வால்வு ‘வண்டி காலி’ என்று நினைத்துக்கொள்ளும். பின் பிரேக் குறைந்துபோகும்.

சரி, நம் வண்டி உண்மையில் எவ்வளவு தாங்கும்? ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். மொத்த எடை, வெற்று எடை என்று இரண்டு எண்கள் இருக்கும். மொத்த எடை 1,550 கிலோ, வெற்று எடை 800 கிலோ என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 750. ஓட்டுகிறவரும் கூட வருகிறவரும் சேர்ந்து 130 கிலோ. மீதி 620. ஆக, 40 கிலோ நெல் மூட்டை 15 ஏற்றலாம். நாமோ கொள்முதல் நிலையத்துக்கு ஒரு நடையில் முடித்துவிட வேண்டும் என்று 30 மூட்டை ஏற்றுகிறோம். அப்போது 1,550 கிலோவை நிறுத்தச் செய்த பிரேக், 2,130 கிலோவை நிறுத்த வேண்டியிருக்கிறது. ஜி.எஸ்.டி. ரோட்டில் முன்னால் போகிற பஸ் சட்டென்று நின்றால், அந்த 580 கிலோ எங்கே போய் நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள். வேகமும் சேர்ந்தால் கேட்க வேண்டாம். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் விழுங்க வேண்டிய சக்தி நான்கு மடங்கு.

ஆகவே நான் சொல்வது இதுதான். பழைய வண்டிக்குச் செய்கிற முதல் செலவு, அது நிற்பதற்கான செலவாக இருக்கட்டும். ஓடுவதற்கான செலவு இரண்டாவது. கூடுதலாக ஏற்றுவதற்கான செலவு வேண்டவே வேண்டாம்.

வீட்டிலேயே பிரேக் பார்ப்பது எப்படி?

காலையில் வண்டி எடுக்குமுன் இஞ்சினை ஓடவிட்டு, பிரேக் பெடலை அழுத்தி அரை நிமிடம் அப்படியே பிடியுங்கள். கால் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால், எங்கோ கசிவு இருக்கிறது. மாஸ்டர் சிலிண்டர் தேய்ந்திருக்கலாம். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால், குழாயில் காற்று புகுந்திருக்கிறது. “ரெண்டு தடவை பம்ப் பண்ணாத்தான் பிடிக்குது, பழகிப்போச்சு” என்று சிலர் சொல்லுவார்கள். இது பழகிக்கொள்ளக் கூடிய சங்கதி இல்லை. அன்றைக்கே மெக்கானிக்கிடம் போக வேண்டும்.

பிரேக் ஆயில் டப்பாவில் மேல்கோடு, கீழ்கோடு இரண்டு உண்டு. அளவு குறைந்திருந்தால் ஊற்றிவிட்டுப் போய்விடாதீர்கள். ஏன் குறைந்தது என்று பாருங்கள். பிரேக் கட்டை தேய்ந்திருக்கும். அல்லது கசிவு இருக்கும். சக்கரத்தின் உள்பக்கம் ஈரம் தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்த ஆயில், பிரேக் சூடேறும்போது கொதித்துவிடும். பெடல் வெறுமனே போகும். நம்முடையது கடற்கரை மாவட்டம். ஆகவே இரண்டு வருடத்துக்கு ஒரு முறை முழுவதும் மாற்றுவது நல்லது. அவசரத்துக்கு இஞ்சின் ஆயிலை அதில் ஊற்றவே கூடாது. உள்ளே இருக்கும் ரப்பர் ஊதிப்போய், பிரேக் முழுவதும் கெட்டுவிடும்.

டயருக்கும் வயது உண்டு

டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்று இருந்தால், 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் செய்த டயர் என்று அர்த்தம். பட்டன் இருக்கிறதே என்று பழைய டயரை நம்பக்கூடாது. வெடிப்பு விட்டிருந்தால் மாற்றுங்கள். டயரின் பள்ளத்தில் சிறு மேடுகள் இருக்கும். தேய்மானம் அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால், டயர் முடிந்தது. விலை குறைவு என்று கார் டயரை லோடு வண்டிக்கு மாட்டாதீர்கள். காற்றை, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் பாருங்கள். ஸ்டெப்னியையும் சேர்த்துப் பாருங்கள்.

உப்பும் உரமும்

நம் பகுதி வண்டிகளுக்கு இரண்டு எதிரிகள். ஒன்று கடல். கோவளம், மாமல்லபுரம் பக்கம் மீன் ஏற்றப் போகிற வண்டியில் ஐஸ் தண்ணீர் உப்போடு ஒழுகும். கேளம்பாக்கம் உப்பளத்துப் பக்கம் போய் வந்தாலும் அப்படித்தான். மற்றொன்று நம் கையிலேயே இருக்கிறது, அதுதான் உரம். பொட்டாஷ் என்பது ஒரு குளோரைடு உப்பு. மூட்டை கிழிந்து தொட்டியில் சிந்தினால், இரவுப் பனியை உறிஞ்சிக்கொண்டு தகட்டைத் தின்ன ஆரம்பித்துவிடும். யூரியாவும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

உர மூட்டை, மீன் பெட்டி ஏற்றி வந்த அன்றைக்கே தொட்டியைக் கூட்டி, நல்ல தண்ணீரால் அடிப்பக்கமும் சேர்த்துக் கழுவுங்கள். உவர்ப்பான போர்த் தண்ணீரில் கழுவினால் பிரயோஜனம் இல்லை. தொட்டியின் மூலைகளில் தண்ணீர் வடியும் துளைகள் அடைபட்டிருந்தால் குச்சியால் குத்திவிடுங்கள். துரு கண்ட இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தமாகச் சுரண்டி, ரெட் ஆக்சைடு அடித்து, காய்ந்ததும் பெயிண்ட் அடியுங்கள். ஆயிரம் ரூபாய் ஹாரனைவிட இந்த ஒரு டப்பா பெயிண்ட் மேல். கழிவு ஆயிலை அடியில் பூசுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். பிரேக் ஓஸ், ரப்பர் புஷ் எல்லாம் கெடும்; சொட்டுகிற இடத்தில் மண்ணும் கெடும்.

இஞ்சினுக்கு

அறுவடைக் காலத்தில் ரேடியேட்டரின் முன்புறம் வைக்கோல் தூசியும் பதரும் அடைத்துக்கொள்ளும். இஞ்சின் சூடாவதற்கு இது முக்கியமான காரணம். வாரம் ஒரு முறை சுத்தம் செய்யுங்கள். ஏர் ஃபில்டரையும் அப்படியே. ரேடியேட்டரில் போர்த் தண்ணீர் ஊற்றினால், கெண்டியில் உப்புப் படிவது போல உள்ளே படியும். கூலன்ட்தான் ஊற்ற வேண்டும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். கொதிநீர் முகத்தில் அடிக்கும். சில இஞ்சின்களில் டைமிங் பெல்ட் ரப்பரால் ஆனது. அது ஓட்டத்தில் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். கம்பெனி புத்தகத்தில் சொன்ன கிலோமீட்டரில் மாற்றிவிடுங்கள். முன்பு ஓட்டியவர் எப்போது மாற்றினார் என்று தெரியாவிட்டால், வாங்கியவுடனேயே மாற்றுவதுதான் லாபம்.

வண்டிக்கு அடியில் போகுமுன்

வீட்டு வேலையில் உயிர்ச்சேதம் வருவது இங்கேதான். ஜாக்கி என்பது தூக்குவதற்கு, தாங்குவதற்கு இல்லை. சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் போட்டு, தூக்கிய பிறகு சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்டு வைத்து, அப்புறம்தான் குனிய வேண்டும். செங்கல்லை அடுக்கி நம்பாதீர்கள்; அது நொறுங்கும். குழந்தைகளைத் தள்ளி இருக்கச் சொல்லுங்கள்.

ஆயில் பார்ப்பது, கிரீஸ் அடிப்பது, பேட்டரி முனையைத் துடைப்பது, நட்டு போல்ட்டு இறுக்குவது, துரு எடுப்பது, பின்னால் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுவது, தொட்டியில் ரப்பர் விரிப்பு போடுவது, இதெல்லாம் நீங்களே செய்யலாம். பிரேக், ஸ்டியரிங், டைமிங் பெல்ட், டீசல் பம்ப் இவற்றைத் தெரிந்தவர் கையில் விடுங்கள்.

சட்டமும் கொஞ்சம்

கம்பெனி செய்த அமைப்பை இஷ்டம்போல் மாற்றுவது 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்திருக்கிறது. அதே 2019-ல் திருத்திய சட்டத்தில், அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். மேற்கொண்டு ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். 15 மூட்டை கூடுதலாக ஏற்றி மிச்சம் பிடித்த ஒரு நடை டீசல் காசை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எட்டு வயது தாண்டிய சரக்கு வண்டிக்கு எஃப்.சி. வருடா வருடம் எடுக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. நாற்று நடவுக்கும் களை எடுக்கவும் போகிற பெண்களைத் தொட்டியில் நிற்க வைத்து ஏற்றிப் போகிறோம். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் பணம் கிடைப்பதும் சிக்கல்தான். அது ஒரு புறம் இருக்கட்டும். மூட்டை விழுந்தால் அள்ளிக்கொள்ளலாம். நம் நிலத்தில் வேலை செய்ய வந்தவர்கள் விழுந்தால், அவர்கள் வீட்டுக்கு நாம் என்ன பதில் சொல்ல முடியும்?

வண்டியில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். ஆயில், பிரேக் ஆயில், டயர், பெல்ட் எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில் மாற்றினீர்கள் என்று எழுதி வையுங்கள். நாளைக்கு வண்டியை விற்கும்போது அந்த நோட்டுக்கே ஒரு விலை கிடைக்கும். இந்தப் போகத்து வரவில் வண்டிக்கென்று ஒதுக்கும் பணத்தை முதலில் பிரேக்குக்கும், அடுத்து டயருக்கும் செலவிடுங்கள். மிச்சம் இருந்தால் பெயிண்ட் அடித்துக்கொள்ளலாம்.