ஏடு திருத்தும் உரிமை



வங்கியில் பணம் இட்டோர் அனைவரும் ஓர் ஏட்டை நம்புகின்றனர். அதனை எழுதும் உரிமையோ வங்கிக்கே உரியது. சதோஷி நகமோட்டோ என்னும் புனைபெயரில் 2008 அக்டோபரில் வெளிவந்த கட்டுரை, அவ்வுரிமையைப் பலர்க்கும் பகிர வழி கூறிற்று. அவ்வழியில் பிறந்த பிட்காயின் ஏட்டின் படியை எவரும் தம் கணினியில் வைத்துச் சரிபார்க்கலாம். இனி நடுவர் வேண்டா என்றனர் பலர்.

இக்கொள்கைக்குக் கடுஞ்சோதனை 2016இல் எதீரியம் என்னும் பிறிதொரு வலையமைப்பில் நேர்ந்தது. ‘தி டாவோ’ என்னும் பொதுநிதியின் நிரலில் பிழை ஒன்று இருந்தது. ஜூன் 17 அன்று யாரோ அதன் வழியே ஏறத்தாழ 36 இலட்சம் ஈதர் நாணயங்களைத் தம்பால் திருப்பிக்கொண்டார். அவற்றை உடனே வெளியே எடுக்க நிரல் இடந்தரவில்லை. ஆதலின் வாதிடக் காலம் கிடைத்தது. நிரலே சட்டமெனின் அச்செயல் முறையானதே. அறத்தை நோக்கின் களவு. எதனைக் கொள்வது?

ஜூலை 20 அன்று பெரும்பான்மையோர் ஏட்டைத் திருத்திப் பணத்தை உரியவர் பெற வழிசெய்தனர். எழுதியதை மாற்றலாகாது என்றோர் பழைய ஏட்டையே தொடர்ந்தனர். அது எதீரியம் கிளாசிக் ஆயிற்று.

நடுவரை நீக்கியோர் தாமே நடுவராக நேர்ந்தது. எனினும் வங்கியில் இல்லாத உரிமை ஒன்று இங்கு நிலைத்தது: உடன்படாதார் தம் ஏட்டுடன் பிரிந்து செல்லலாம். பாடபேதங்களைப் பேணும் தமிழ்ப் புலமை இவ்வுரிமையின் அருமையை நன்குணரும்.