கரையும் மருந்தும் கரையாத மூடநம்பிக்கையும்

(பெரியதாழைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், மருந்தைச் சுமந்து செல்லும் ஒரு சிறு துகள் உடம்புக்குள் எவ்வளவு நேரத்தில் கரையும் என்பதைக் கம்ப்யூட்டரைக் கொண்டு முன்கூட்டியே கணக்கிடும் சங்கதியாகும். கட்டுமரத்துக்கும் வலைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கலாம். சம்பந்தம் இருக்கிறது, சொல்லுகிறோம்.

காசநோயை எடுத்துக்கொள்ளுங்கள். அது சாபமல்ல, ஒரு கிருமியே என்று 1882-இல் ராபர்ட் காக் காட்டிவிட்டார். 1956-இல் சென்னையில் ஏற்பட்ட ஆராய்ச்சி நிலையம், நோயாளியைத் தனி விடுதியில் அடைத்து வைக்க வேண்டியதில்லை, ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் குடிசையிலிருந்தபடியே குணமாகலாம் என்று 1959-இல் உலகத்துக்கு எடுத்துக்காட்டியது. ஆனால் சாதாரண காசநோய்க்கும் ஆறு மாதம் மாத்திரை சாப்பிட வேண்டியிருக்கிறது. இரண்டு மாதத்தில் இருமல் நின்றதும் பலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். நோய் திரும்பி வருகிறது. மருந்துக்கு அடங்காத கிருமியாகவும் வரலாம்.

தினமும் விழுங்காமல், ஒருமுறை கொடுத்த மருந்து பல நாள் கொஞ்சம் கொஞ்சமாய்க் கரைந்து வந்தால் என்ன? சண்டிகரிலுள்ள மருத்துவப் பட்டமேற்படிப்பு ஆராய்ச்சி நிலையத்தில் குல்லர் என்பவரும் அவருடைய தோழர்களும் இதைச் செய்து பார்த்தார்கள். காசநோய் மருந்துகளை மிக நுண்ணிய பாலிமர் துகள்களில் அடைத்து, நோயுற்ற எலிகளுக்குப் பத்து நாளைக்கு ஒருமுறையாக ஐந்து தடவை கொடுத்தார்கள். எலிகளின் உறுப்புகளில் கிருமி தென்படவில்லை என்று 2003-இல் வெளியிட்டார்கள். பிறகு ஆல்ஜினேட் துகளிலும் பரீட்சை செய்தார்கள். ஆல்ஜினேட் என்பது பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுப்பது. அந்தப் பாசி நம்முடைய மன்னார் வளைகுடாவிலும் வளர்கிறது.

இனி, கரைவது எப்படி என்று பார்ப்போம். தூத்துக்குடி உப்பளத்துக் கல்லுப்பையும் பொடியுப்பையும் தனித்தனியே தண்ணீரில் போடுங்கள். பொடி முந்திக் கரையும். தண்ணீரில் உப்பு ஏற ஏறக் கரைவது மந்தமாகும். இந்த மந்தத்துக்குக் கணக்கு விதியை நாயிஸ், விட்னி என்ற இருவர் 1897-இல் சொன்னார்கள். ஆனால் பாலிமர் துகள் உப்பைப் போல் அவ்வளவு சுலபமானதல்ல. அதன் பருமன், பாலிமரின் வகை, மருந்தின் குணம், எவ்வளவு மருந்து அடைத்தோம் என்பன எல்லாம் சேர்ந்து வேலை செய்கின்றன. ஒவ்வொன்றையும் மாற்றி மாற்றிச் செய்து, வாரக்கணக்காய்ப் பாத்திரத்தில் வைத்துப் பார்ப்பதென்றால் காலமும் பணமும் தாளாது.

இங்கேதான் கம்ப்யூட்டர் வருகிறது. கானடாவில் டொராண்டோ சர்வகலாசாலையார், முன்பு பலர் செய்த 181 பரீட்சைகளின் விவரங்களைத் திரட்டி, 11 விதமான கணக்கு முறைகளுக்குக் கற்பித்தார்கள். சிலவற்றை மறைத்து வைத்துக்கொண்டு, "இவை எப்படிக் கரையும், சொல்" என்று கேட்டுச் சோதித்தார்கள். நன்றாகச் சொன்ன முறையைக் கொண்டு புதுத் துகள்களைத் திட்டமிட்டு, அவற்றையும் உண்மையாகவே செய்து கரைத்துப் பார்த்தார்கள். 2023-இல் இது வெளியாயிற்று.

"இதுவும் ஜோசியந்தானே?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஜோசியன் சனி விலகினால் சீக்கு விலகும் என்கிறான். பிழைத்தால் பரிகாரம் பலித்ததாம், செத்தால் தலைவிதியாம். நேர்ச்சைக்காரர் சங்கதியும் இதுவே. எப்படி நடந்தாலும் அவர்களுக்குத் தோல்வியில்லை. தோற்கவே முடியாத வார்த்தையில் அறிவும் இல்லை. யந்திரத்தின் கணக்கோ தவறலாம். தவறினால் பாத்திரத்திலேயே தெரிந்துவிடும், உடனே திருத்துவார்கள். இதுதான் வித்தியாசம்.

அதற்காகக் கல்சாமியை விட்டுக் கம்ப்யூட்டர்சாமியைக் கும்பிடுங்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. கற்பித்த விவரம் கோணலானால் அதன் விடையும் கோணலாகும். இதுவரை காணாத மருந்தில் அது இடறலாம். பாத்திரத்தில் கரைவது வேறு, மனித உடம்பில் கரைவது வேறு. சண்டிகர் எலிக்குக் கிடைத்த பலன் இருபது வருஷத்துக்கு மேலாகியும் ஆஸ்பத்திரியில் மனிதருக்கு வழக்கமான சிகிச்சையாக வந்து சேரவில்லை. வரும்போதும், பணக்காரனுக்கு மட்டும் எட்டுகிற விலையில் வந்தால் ஏழைக்கு என்ன லாபம்? அதையும் நாம் கேட்டே தீரவேண்டும்.

ஆகையால் தோழர்களே! நாளை வரப்போகும் மருந்தை நம்பி இன்றைய மருந்தை நிறுத்தாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காசநோய் மாத்திரை அங்கே இலவசம். மந்திரித்த கயிற்றுக்கும் எண்ணெய்க்கும் கொடுக்கும் காசை முட்டைக்கும் பயறுக்கும் செலவிடுங்கள். டாக்டர் நிறுத்தச் சொல்லும் வரை மாத்திரையை விடாதீர்கள். நாம் சொன்னதையும் அப்படியே நம்பிவிடாமல், விசாரித்துப் பார்த்துச் சரியென்று பட்டதை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்லி இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.