கைதட்டிக் காப்பாற்றிய பிள்ளைகள்



இன்னும் சற்று நேரத்தில் இந்தத் திரையில் 'பீட்டர் பான்' பார்க்கப் போகிறீர்கள். 1953-இல் வால்ட் டிஸ்னி எடுத்த படம். நல்ல படம். ஆனால் அது திரைக்கு வருவதற்குக் கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு முன்பே மேடையில் வாழ்ந்த கதை. அந்த மேடையைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

1904 டிசம்பர் 27, லண்டனில் டியூக் ஆஃப் யார்க் அரங்கம். ஜே.எம். பேரி எழுதிய நாடகம் அன்றுதான் அரங்கேறுகிறது. வளரவே மாட்டேன் என்கிற சிறுவன் பீட்டராக நடித்தவர் நீனா பூசிகால்ட் என்ற நடிகை. கதையில் வரும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் நாய் நானாவாக வந்தவர் நாய் வேடமிட்ட ஒரு நடிகர். உடைக்குள் வார் கட்டி, முதுகில் கம்பி மாட்டிப் பிள்ளைகளைப் பறக்க விட்டார்கள். டிங்கர் பெல் என்ற தேவதைக்கு மட்டும் ஆளே கிடையாது. கண்ணாடியில் பட்டு மேடையெங்கும் ஓடும் ஒரு பொட்டு வெளிச்சம், கூடவே கிணிகிணியென்று மணிச்சத்தம். அவ்வளவுதான் தேவதை!

கொள்ளைக்காரன் ஹூக் பீட்டருக்கு வைத்திருந்த நஞ்சை அந்தத் தேவதை தானே குடித்துவிடுகிறாள். வெளிச்சம் மங்குகிறது. பீட்டர் சபையைப் பார்த்துத் திரும்புகிறான். தேவதைகள் உண்டு என்று நம்பினால் கைதட்டுங்கள், இவள் பிழைத்துக்கொள்வாள் என்று கெஞ்சுகிறான். யாரும் தட்டாவிட்டால் என்ன செய்வது? பேரிக்கு அந்தப் பயம் இருந்தது. வாத்தியக்காரர்கள் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டுத் தட்ட வேண்டும் என்று முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைத்திருந்தார். முதல் நாள் அரங்கு நிறையப் பெரியவர்கள். அவர்களே தட்டித் தீர்த்துவிட்டார்கள். பீட்டராக நின்ற நீனா அழுதுவிட்டார்.

பிள்ளைகள் இந்தக் கதையை எவ்வளவு நம்பினார்கள் தெரியுமா? வீட்டுக்குப் போய்க் கட்டிலிலிருந்து பறக்கப் பார்த்து அடிபட்டார்கள். பெற்றோர் முறையிட, தேவதைத் தூள் தூவினால்தான் பறக்க முடியும் என்று பேரி நாடகத்தில் சேர்க்க வேண்டியதாயிற்று. இன்றைய படத்திலும் அந்தத் தூள் வரும், பாருங்கள்.

1924-இல் ஹெர்பர்ட் பிரெனன் இதை ஊமைப்படமாக எடுத்தார். பேரியே தேர்ந்தெடுத்த பெட்டி பிரான்சன்தான் பீட்டர். அந்தப் படத்திலும் அவர் நேராக நம்மைப் பார்த்துக் கைதட்டச் சொல்கிறார். 1953 படத்தில் அது இல்லை. அங்கே ஒரு வெடிகுண்டு வெடிக்கிறது, டிங்கர் பெல் இடிபாட்டில் கிடக்கிறாள், பீட்டர் தேடி எடுக்கிறான். நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அவ்வளவுதான். மேடையின் வேறொரு வழக்கத்தை டிஸ்னி காப்பாற்றினார்: பிள்ளைகளின் அப்பாவுக்கும் கொள்ளைக்காரன் ஹூக்குக்கும் ஒரே நடிகர், ஹான்ஸ் கான்ரீட், குரல் கொடுத்தார். ஆனால் கதையின் உயிரே அந்தக் கைதட்டலில்தான் இருந்தது. அதை விட்டது பெரிய இழப்பு என்றே நான் சொல்வேன். ஒரு உயிரைக் காப்பாற்றும் பொறுப்பைக் குழந்தையின் உள்ளங்கையில் வைத்த காட்சி அது!

பேரியும் பேச்சோடு நின்றவரில்லை. 1929-இல் இந்த நாடகத்தின் உரிமையை லண்டன் கிரேட் ஆர்மண்ட் தெருவிலுள்ள குழந்தைகள் மருத்துவமனைக்கே கொடுத்துவிட்டார். 1988-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் பதிப்புரிமைச் சட்டத்தில் தனிப்பிரிவு சேர்த்து, அந்நாட்டில் அதற்கான உரிமைத்தொகை என்றென்றும் அந்த மருத்துவமனைக்கே சேர வழிசெய்தது.

ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, பிள்ளைகளுக்குப் படம் போட்டுக் காட்டுங்கள். கூடவே வருடத்துக்கு ஒரு நாடகமாவது போட வையுங்கள். பெரிய செலவு வேண்டாம். ஒரு டார்ச் லைட்டும் ஒரு கைக்கண்ணாடியும் இருந்தால் டிங்கர் பெல் வந்துவிடுவாள். மேடையையும் இரண்டு மணி நேரத்தையும் நீங்கள் கொடுங்கள். மற்றதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.