ஏஐ-கிட்ட வெர்ஷன் சொன்னீங்களா?

இன்னைக்கு என் சொதப்பல் கதை ஒண்ணு.

எங்க ப்ராஜெக்ட் பைத்தான்ல, ஃபாஸ்ட்ஏபிஐ-யும் பைடான்டிக் 2-வும் வச்சு ஓடுது. சைன்-அப்ல ‘ரெஃபரல்’னு ஒரு ஃபீல்டு சேர்க்கணும், கொடுத்தாலும் சரி, விட்டாலும் சரி. ஏஐ அசிஸ்டென்ட் அதுக்கு ‘ஆப்ஷனல்’னு போட்டு எழுதிக் கொடுத்துச்சு. நான் ரெஃபரல் போட்டு மட்டும் டெஸ்ட் பண்ணிட்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் மெர்ஜ் பண்ணிட்டேன். ராத்திரி பார்த்தா, ரெஃபரல் இல்லாம வந்த எல்லாருக்கும் 422 எரர்!

காரணம் சின்னதுதான். பைடான்டிக் 1-ல ‘ஆப்ஷனல்’னு போட்டாலே, மதிப்பு வரலைன்னா காலின்னு எடுத்துக்கும். 2023-ல வந்த 2-ல டீஃபால்ட் மதிப்பை நாமதான் எழுதணும். இல்லன்னா அந்த ஃபீல்டு கட்டாயம். நெட்ல பழைய வெர்ஷன் கோடு நிறையக் கிடக்கு. அதைப் படிச்சு வளர்ந்த அசிஸ்டென்ட்கிட்ட, நம்மளது எந்த வெர்ஷன்னு நான் சொல்லவே இல்ல.

இப்போ எங்க ரெப்போவுல ‘ஏஜென்ட்ஸ் டாட் எம்டி’ன்னு ஒரு ஃபைல் இருக்கு. நாலே வரி: பைடான்டிக் 2 மட்டும். ஆப்ஷனல்னா டீஃபால்ட் எழுது. ‘டிக்ட்’ வேண்டாம், ‘மாடல் டம்ப்’ போடு. புது பேக்கேஜ் சேர்க்கும் முன்னாடி கேளு.

முழு டாக்குமென்டேஷனையும் அதுல கொட்டாதீங்க. நீங்க அடிபட்ட இடத்தை மட்டும் எழுதுங்க. வெர்ஷன் மாத்தினா ஃபைலையும் மாத்துங்க. கூடவே ஒரு டெஸ்ட்டும் எழுதி வைங்க. ஏன்னா, விதியைப் படிச்சிட்டும் அது மறக்கலாம். மெர்ஜ் பட்டனை அழுத்துறது நாமதானே?